ராணி ஒர்வேனாவின் எட்டாவது கண்ணீர்

திருப்பூர் வீரபாண்டியில் பனியன் துணிக்குப் பிரிண்ட் அடிக்கும் பட்டறை ஒன்றில் பதினான்கு வருடமாக ஸ்கிரீன் போடுகிறவர் ஜாவித். வயது முப்பத்தாறு. மனைவி பெயர் ஷாஹிதா. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் பட்டறையைப் பற்றி அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவார். அதற்குப் பிறகு வர்கேலியாவைப் பற்றி ஆரம்பிப்பார். அங்கேதான் சிக்கல். அவிநாசிபாளையத்தில் ஒரு மனிதர் மரியாதைக்கு நின்று கேட்கப் போய், கண்ணெதிரே தாராபுரம் பஸ்ஸை இரண்டு முறை விட்டார்.

வர்கேலியா என்பது கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுக்குள் இருக்கிற தேசம். நாம் ஒரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ உள்ளே நுழைந்து, காடு மலை சுற்றி, பூதங்களோடு மல்லுக்கட்டி, கோட்டை கோட்டையாகப் போக வேண்டும். ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பூதத்தைக் கொன்றோமா, கணினியை அணைத்தோமா என்று எழுந்து போய்விடுவார்கள். மீதிக் கால்வாசி, அந்தப் பூதம் எந்த வம்சம், அதன் தாய்மாமன் யார், எந்தச் சண்டையில் அதற்கு ஒரு கண் போனது என்று கேட்கிற கூட்டம். ஜாவித் இந்தக் கால்வாசியைச் சேர்ந்தவர். வர்கேலியாவின் ஆயிரத்து இருநூறு வருடச் சரித்திரம் அவருக்கு அத்துப்படி. அந்தத் தேசத்தின் பழைய எழுத்தைக்கூடப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். தன் கல்யாண நாளை அவர் மூன்று வருடம் தொடர்ந்து மறந்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ஷாஹிதாவுக்கு நியாயம் செய்ததாகாது.

அந்தத் தேசத்தின் ராணி ஒர்வேனா. அவளுக்கு ஏழு பிள்ளைகள். ஏழு பேரும் ஒரே நாளில் பனிமூட்டக் கணவாய்க்குள் படையெடுத்துப் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. ராணி ஆளுக்கொரு சொட்டாக ஏழு சொட்டுக் கண்ணீர் விட்டாள். அதிலிருந்து அவள் வம்சத்துக்குச் சின்னம், மூடிய கண்ணும் அதன் கீழே ஏழு துளியும். விளையாட்டில் கொடியில், கேடயத்தில், கதவில் என்று எங்கே திரும்பினாலும் இந்தச் சின்னம்தான்.

"ஏனுங்க, அந்தம்மாளுக்கு ஏழு பொறந்தா என்ன, எட்டு பொறந்தா என்ன? நீங்களா போய் பிரசவம் பாத்தீங்க?" என்று ஷாஹிதா ஒருநாள் கேட்டாள். அவள் சும்மா வாய்க்கு வந்ததைத்தான் கேட்டாள். ஆனால் அது ஆறு வருடமாக எரிந்துகொண்டிருந்த பிரச்சினை என்பது அவளுக்குத் தெரியாது.

எட்டு என்று சொல்ல ஓர் ஆள் இருந்தான். பாண்டித்துரை. கமுதிப் பக்கத்திலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைக்கிறவன். ஜாவித்தைவிட எட்டு வயது இளையவன். தமிழில் வர்கேலியாவைப் பேசுவதற்கென்றே டெலிகிராமில் ஒரு குழு உண்டு, நானூறு பேருக்கு மேல். அதில் திருப்பூரில் இருக்கிறவர்கள் மூன்றே பேர்: ஜாவித், பாண்டித்துரை, குழுவின் அட்மின் ஆஷா. ஆஷா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறவள், சாத்தான்குளத்துக்காரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் வீரபாண்டிப் பிரிவில் ஒரு பேக்கரியில் கூடுவார்கள். டீ, தேங்காய் பன், அப்புறம் சண்டை. பேக்கரிக்காரர் இவர்களை ஏதோ குடும்பச் சொத்துத் தகராறு என்று வெகுகாலம் நினைத்திருந்தார்.

பாண்டித்துரையின் கட்சி இதுதான். ராணிக்கு எட்டாவதாக ஒரு பிள்ளை உண்டு, அவன் கணவாய்க்குப் போகவில்லை, சாகவும் இல்லை, எங்கோ இருக்கிறான். ஆதாரம் கேட்டால் இரண்டு சொல்வான். முதலாவது, அரண்மனைச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்கான நாற்காலி எட்டு கிடக்கிறது.

"அது டிசைன் பண்ணுனவன் ஒரு நாற்காலியக் காப்பி பண்ணி வரிசையா ஒட்டீருப்பான். அதுல ஒண்ணு சேந்து வந்துருச்சு. தப்பு பாண்டி அது. வெறும் தப்பு" என்பார் ஜாவித்.

"சரிண்ணே, தாலாட்டுக்கு என்ன சொல்றீக? ராணி ஏழு பேரச் சொல்லிப் பாடிட்டு, பேரு சொல்லாம கடைசியா ஒரு ராகம் இழுக்குறால்ல?"

"மூச்சு வாங்கறாப்பா. ஏழு பேரச் சொன்னா யாருக்கும் மூச்சு வாங்கும்."

ஜாவித் சும்மா வாயால் மறுத்ததோடு விட்டவரில்லை. 'ஏழுதான்' என்ற தலைப்பில் நாற்பத்து மூன்று பகுதிகள் எழுதிக் குழுவில் போட்டார். ஆஷா அதைக் குழுவின் தலைமாட்டில் ஆணியடித்து வைத்துவிட்டாள். புதிதாகச் சேருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது சட்டம். ஜாவித் தன் வாழ்க்கையில் பத்தாம் வகுப்புக்குப் பிறகு எழுதியது அது ஒன்றுதான். நானூறு பேர் அதைப் படித்து, "ஜாவித் அண்ணன் சொன்னா சரி" என்றார்கள். பட்டறையில் பதினான்கு வருடத்தில் ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் அங்கே வரவில்லை.

பாண்டித்துரை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு முற்றி, "இல்ல, இல்லன்னே சொல்றீகளே, அத எப்பிடிண்ணே இம்புட்டு லேசாச் சொல்றீக?" என்று சொல்லிப் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அடுத்த வாரம் வழக்கம்போல வந்தான். தைக்கிறவனுக்குக் கோபம் சீக்கிரம் வரும், ஊசி வேகத்திலேயே வாழ்கிறவன் என்று ஜாவித் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆர்டர் வந்தது.

வெளிநாட்டில் மொத்தமாகச் சரக்கு எடுக்கிற பையர் ஒருவர் வர்கேலியா கம்பெனியிடம் முறைப்படி உரிமை வாங்கி டீசர்ட் போடுகிறார், கருப்புத் துணியில் வெள்ளைப் பிரிண்ட். தைப்பது ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி. வெட்டின துணிக்குப் பிரிண்ட் அடித்துக் கொடுக்கிற வேலை, ஊரில் இத்தனை பட்டறை இருக்க, ஜாவித்தின் முதலாளி முஸ்தபாவிடம் வந்து நின்றது. கண்ணாடித்தாளில் டிசைன் பதிந்த ஃபிலிமை உறையிலிருந்து உருவிய ஜாவித் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மூடிய கண். ஏழு துளி. கீழே பழைய எழுத்தில் ராணியின் வாசகம். ஒரு பக்தனுக்கு மூலஸ்தானத்துக்குள்ளேயே வேலை கிடைத்தால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது அவருக்கு. இதை யாரிடமும் சொல்லவும் முடியாது. டிசைன் கடைக்கு வருகிறவரைக்கும் வெளியே மூச்சுவிடக் கூடாது என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

ஸ்கிரீன் போடுவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையில் மருந்து பூசிக் காயவைத்து, அதன்மேல் ஃபிலிமை வைத்து, விளக்கு வெளிச்சம் காட்டி, தண்ணீரில் கழுவ வேண்டும். டிசைன் இருக்கிற இடம் மட்டும் கரைந்து திறந்துகொள்ளும், அந்த வழியாக மை இறங்கித் துணியில் பதியும். நடுவில் ஒரு தூசி விழுந்துவிட்டால் அந்த இடத்திலும் ஒரு சின்ன ஓட்டை விழும். பின்ஹோல் என்பார்கள். ஸ்கிரீனை விளக்குமேல் தூக்கி வைத்துப் பார்த்து, வெளிச்சம் கசிகிற ஓட்டையைத் தூரிகையால் மருந்து தொட்டு அடைக்க வேண்டும். ஜாவித் இதில் புலி. அவர் போட்ட ஸ்கிரீனில் பின்ஹோல் இருந்ததாகப் பதினான்கு வருடத்தில் புகார் கிடையாது.

அன்றைக்கும் விளக்குமேல் வைத்துப் பார்க்கத்தான் செய்தார். ஆனால் பார்த்தது எதை? கீழே இருந்த வாசகத்தை. வேறு யாராவதாக இருந்தால் அது ஏதோ கோழி கிளறின கோலம் என்று விட்டிருப்பார்கள். ஜாவித்துக்குத்தான் படிக்கத் தெரியுமே! எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார். 'அழுதவள் ஆள்வாள்.' எழுத்துப் பிழை இல்லை. திரும்ப ஒருமுறை படித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தக் கண்ணோடுதான் மேலே இருந்த துளிகளைப் பார்த்தார், எல்லாம் சரி என்று ஸ்கிரீனைச் சாம்பிள் அடிக்கக் கொடுத்துவிட்டார். கண்ணின் ஓரத்தில், விழலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி, எட்டாவதாக ஒரு சின்னத் துளி வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

சாம்பிள் வெளிநாட்டுக்குப் போனது. ஒன்பதாம் நாள் சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு, பிரமாதம் என்று எழுதித் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு ஆர்டர் முழுக்க அடிப்பதற்கு ஜாவித் புது ஸ்கிரீன்கள் போட்டார். அதிலெல்லாம் பின்ஹோல் இல்லை, சுத்தம். அறுநூறு பீஸ் அடித்து முடித்திருந்தபோது எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து குவாலிட்டி பார்க்கிற குணா வந்தான். இடது கையில் சீல் குத்தின சாம்பிள், வலது கையில் புதிதாக அடித்த பீஸ். மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணா, ஒரு புள்ளி காணோமுங்களே" என்றான்.

"எந்தப் புள்ளி?"

குணா காட்டினான். ஜாவித் சாம்பிளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணினார். எட்டு.

"இது பின்ஹோலுங்க தம்பி. என்ற தப்பு. நான் கவனிக்காம விட்டுப்போட்டேன். ஏழுதானுங்க கரெக்ட். ஃபிலிம வேணாப் பாருங்க."

"ஃபிலிமெல்லாம் எனக்கெதுக்குங்ணா? சீல் சாம்பிள்ல எட்டு இருக்குது. பீஸ்ல எட்டு இருந்தா பாஸ், ஏழு இருந்தா ரிஜெக்ட்."

"அந்த ராணிக்கு ஏழு புள்ளைங்கதானுங்க!"

குணா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதலாளி அறைக்குப் போனான். திருப்பூரில் எக்ஸ்போர்ட் வேலை பார்க்கிற எவனுக்கும் இது தெரியும். பையர் சீல் குத்தின சாம்பிளில் ஒரு கை நீளமாக இருந்தால் பத்தாயிரம் பீஸுக்கும் ஒரு கை நீளமாகத்தான் வைக்க வேண்டும். அதைத் திருத்தப் போகிறவன்தான் தப்புச் செய்தவன். முஸ்தபா நல்ல மனிதர், வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால் யாரிடமும் கோபித்துக்கொள்ள மாட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"ஜாவித் தம்பி, பையருக்கு மெயில் போட்டு, அவிய பாத்து, மறுபடியும் சீல் வாங்கோணும்னா ரெண்டு வாரம் ஆயிப்போகும். கப்பலு அடுத்த வாரம். ஒரு புள்ளிதானுங்களே? வெச்சு உட்டுருங்க" என்றார்.

"முதலாளி, அது புள்ளி இல்லீங்க. கண்ணீரு."

"செரி, கண்ணீர வெச்சு உட்டுருங்க."

வைத்தார். ஃபிலிமில் கருப்புப் பேனாவால் எட்டாவது துளியைத் தன் கையாலேயே வைத்தார். இல்லை இல்லை என்று நாற்பத்து மூன்று பகுதி எழுதின அதே கை. சீல் சாம்பிளில் இருக்கிற இடத்திலேயே, அதே அளவில் வர வேண்டும் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வைத்தார், வேலை என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்ய அவருக்கு வராது. ஏற்கெனவே அடித்த அறுநூறு பீஸுக்கும் குச்சி முனையில் மை தொட்டு ஒவ்வொன்றாக அவரே வைத்தார். இரண்டு நாள் ஆனது. குணா வந்து பார்த்துவிட்டு, "இப்பச் செரிங்ணா, சூப்பரா வந்துருக்குது" என்று பாராட்டினான்.

நாலு மாதம் கழித்து டீசர்ட் வெளிநாட்டுக் கடைகளுக்கு வந்தது. வந்த மூன்றாம் நாள் எவனோ ஒருவன் அதைப் படம் பிடித்து, கண்ணின் ஓரத்தை வட்டமிட்டு, உலகத்து வர்கேலியாக்காரர்கள் எல்லாரும் கூடுகிற இடத்தில் போட்டுவிட்டான். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஏழு துளியும் விழுந்துவிட்டது, எட்டாவது மட்டும் இன்னும் கண்ணோரத்தில் நிற்கிறது, ஏனென்றால் எட்டாவது பிள்ளை இன்னும் சாகவில்லை! அளவில் சின்னது, ஏனென்றால் அவன் கைக்குழந்தை! ஒருவன் துளியின் கோணத்தை அளந்து அவன் வடக்கே இருக்கிறான் என்று நிறுவினான். விஷயம் கம்பெனி வரைக்கும் போனது. அவர்களுக்கே அந்தத் துளி எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்காது. ஆனால் அதை எந்தக் கம்பெனி வெளியே சொல்லும்? 'வர்கேலியாவில் தற்செயல் என்று எதுவும் இல்லை' என்று ஒற்றை வரியில் அறிக்கை விட்டார்கள்.

தமிழ்க் குழுவில் அன்று ஜாவித்தைக் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். "ஜாவித் அண்ணன் சொன்னா சரி" என்றவர்களே எட்டு விரல் காட்டுகிற பொம்மைப் படங்களாக அனுப்பினார்கள். நாற்பத்து மூன்று பகுதியையும் இறக்கிவிட்டுப் எட்டு என்கிற பாண்டித்துரையின் கட்சியைத் தலைமாட்டில் வைக்க வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. ஆஷா தனியாக எழுதினாள்: "அண்ணா, ஞாயித்துக்கிழமை மூணு பேரும் பேசி முடிவு பண்ணிடலாம். உங்க பக்கம் ஏதாச்சும் சொல்ல இருந்தா அன்னைக்குச் சொல்லுங்க."

சொல்ல இல்லாமலா! உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே வர்கேலியாக்காரர் வீரபாண்டியில் மதிய டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். டிசைன் கடைக்கு வந்தாகிவிட்டது, இனி ரகசியமும் இல்லை. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று முஸ்தபாவிடம் போனார். விஷயத்தை முதலிலிருந்து விளக்கி, அதைத் தன் நண்பர்களிடம் சொல்லலாமா என்று கேட்டார்.

"தாராளமாச் சொல்லுங்க தம்பி, சரக்கு எப்பவோ போயிருச்சு" என்றார் முஸ்தபா. பிறகு, "ஆமா, எந்த ராணிங்க?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டித்துரை முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். தலை படிய வாரியிருந்தான். எப்போதும் யார் வாங்குவது என்று பார்த்துக்கொண்டிருப்பவன் அன்றைக்கு மூன்று பேருக்கும் முட்டை பப்ஸ் சொல்லியிருந்தான். ஜாவித்தைப் பார்த்ததும் ஜெயித்தவன் மாதிரி கொக்கரிப்பான், அதற்குத் தக்கபடி நறுக்கென்று சொல்லிவிடலாம் என்று ஜாவித் மனதில் ஒத்திகை பார்த்து வந்திருந்தார். பாவி, அவன் கொக்கரிக்கவில்லை.

"வாங்கண்ணே. உங்களத்தான் தேடுனேன். அன்னைக்கே ஓடியாரலாம்னு பாத்தேன், லீவு விடமாட்டேன்னுட்டாக" என்று கையைப் பிடித்துக்கொண்டான். "உங்க மனசு நொந்துறக் கூடாதுண்ணே. நீங்க எழுதுனத இறக்க வேணாம்னு ஆஷாகிட்டச் சொல்லிட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும். எனக்கு அவன் இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்."

இதற்குப் பிறகு சொல்வது கடினமாகிவிட்டது. ஆனால் சொல்லாமல் இருப்பதும் ஜாவித்தால் ஆகிற காரியமில்லை. தப்பு ஒன்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அடைத்தாக வேண்டும், அவர் கை அப்படிப் பழகிவிட்டது. பப்ஸை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"பாண்டி, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அந்த டீசர்ட்டு பிரிண்டு எங்க பட்டறைல அடிச்சது. ஸ்கிரீனு போட்டது நானு."

பக்கத்தில் உட்கார்ந்து பப்ஸைக் கடித்த ஆஷா மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னார். ஃபிலிமில் ஏழு இருந்தது, வாசகம் படித்துக்கொண்டிருந்ததில் ஓட்டையைக் கவனிக்காதது, சீல் வந்தது, குணா, முதலாளி, குச்சியில் மை தொட்டு வைத்த அறுநூறு புள்ளி, ஒன்றையும் விடவில்லை. "யாரும் நெனச்சு வெக்கலப்பா. தூசி உழுந்து ஆனது. கம்பெனிக்காரனுக்கே தெரியாது. எட்டாவது அப்படீன்னு ஒண்ணு கிடையாது, தப்புல வந்தது" என்று முடித்தார்.

சொல்லி முடித்ததும் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. பாண்டித்துரை மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மட்டும் சிவந்திருந்தது. எழுந்து போய்விடுவான், இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரமாட்டான் என்று ஜாவித்துக்குத் தோன்றியது. அதை நினைத்தபோது, ஆறு வருடத்தில் இந்த ஒருவனோடு பேசிய அளவுக்கு வேறு யாரோடும் தான் பேசியதில்லை என்பதும் உறைத்தது. ஏன்டா வாயைத் திறந்தோம் என்று இருந்தது.

"அப்ப, யாருமே வேணும்னு வெக்கல" என்றான் பாண்டித்துரை.

"ஆமா."

"ஏழோட முடிச்சுக்கிறதுதான் கணக்கு. இது தவறி வந்துருச்சு."

"ஆமாம்ப்பா."

"நானும் அப்பிடித்தாண்ணே" என்றான் அவன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, ஷிப்ட் எப்போது முடியும் என்று சொல்கிற குரல். "எங்க வீட்ல எனக்கு முன்னால ஏழு பேரு. ஏழோட போதும்னு எங்கம்மா கமுதி ஆசுபத்திரில ஆப்ரேசன் பண்ணிக்கிருச்சு. அதுக்கப்பறம் ரெண்டு வருசங் கழிச்சு நான் வந்துட்டேன். ஆசுபத்திரிலயே நம்பல. அது எப்பிடிம்மா வரும், கிடையவே கிடையாதுன்னு ரெண்டு தடவ திருப்பி அனுப்பிச்சாகளாம். எங்கய்யா ரேசன் கார்டுல பேரு ஏத்தல, நாலாம் மாசமே எங்க அத்த வீட்ல கொண்டுபோய் விட்டுட்டாரு. இப்பவும் ஊருக்குப் போனா, 'ஒனக்கு எத்தன பிள்ளைக?'ன்னு யாராச்சும் கேட்டா, ஏழுன்னுதான் சொல்வாரு. நான் பக்கத்துலதான் நிப்பேன்."

ஆஷா தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் தள்ளினாள். அவன் எடுக்கவில்லை.

"நீங்க சொல்றது பொய்யின்னு நான் சொல்லலண்ணே. தப்புல வந்தவன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். கிடையாதுன்னு மட்டும் சொல்லாதீக. அதான் வந்துட்டான்ல?"

இந்த ஆறு வருடமும் தான் யாரைப் பார்த்து இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்று நினைக்கவே ஜாவித்துக்கு வெட்கமாக இருந்தது. பேக்கரிக்காரர் வந்து டீ வைத்துவிட்டு, இன்றைக்கு என்ன சொத்துக்காரர்கள் சத்தமே இல்லை என்று பார்த்தபடி போனார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசுனது எதுவும் என் காதுல விழல, குழுவுக்கும் போகாது" என்றாள் ஆஷா. அட்மின் என்ற முறையில் அவள் அன்றைக்குச் சொன்னது அது ஒன்றுதான்.

ஜாவித் இரண்டு வாய் டீ குடித்தார். போனை எடுத்து நாற்பத்து மூன்று பகுதியில் முதலாவதைத் திறந்தார். ராணியின் பிள்ளைகளின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன.

"பாண்டி, செரி. அவன் பேரு என்ன?"

"யாரு பேருண்ணே?"

"எட்டாவதாப் பொறந்தவன் பேரு. கம்பெனிக்காரன் வெக்கலயே. நீயே சொல்லு."

பாண்டித்துரை அவரை நிமிர்ந்து பார்த்தான். யோசிக்க நேரம் எடுக்கவில்லை. "மாரிச்செல்வம்" என்றான். "எங்கம்மா எனக்கு வெக்கணும்னு நெனச்சிருந்த பேருண்ணே. அத்த வீட்ல அவுக பக்கத்துப் பேர வெச்சுட்டாக."

வர்கேலியாவின் ராஜ வம்சத்தில் ஆண்பிள்ளைகளின் பெயர் எல்லாம் 'ஓர்' என்றுதான் முடியும். முடியாத பெயர் ஆயிரத்து இருநூறு வருடத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அந்த விதியைக் கண்டுபிடித்து ஒன்பதாம் பகுதியில் எழுதியவரே ஜாவித்தான். அதைச் சொல்ல வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு, ஏழு பெயருக்கும் கீழே அந்தப் பெயரை அடித்து, எழுத்து சரியாக இருக்கிறதா என்று பாண்டித்துரையிடம் போனை நீட்டினார்.